நோயின் பெயர்: சுபாவம்

எங்க தெருவுல ரெண்டு மாசமா ஒரு பேச்சு ஓடுது. கரண்டு ஆபீஸ் மீட்டரக்காவுக்கு மூளை கலங்கிடுச்சாம். ஆபீசர் மேல நாற்காலியத் தூக்கி எறிஞ்சாங்களாம். அது குறி தப்பி ஜன்னல் கண்ணாடிய உடைச்சுக்கிட்டுப் போய்க் கீழ நின்ன ஸ்கூட்டர் மேல விழுந்துச்சாம். நாலு பேர் சேர்ந்து பிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனா, டாக்டரே அதுவரைக்கும் பார்க்காத வியாதியாம். பேரு சுபாவமாம். முடி வெட்டுற கடையில கேட்டா அது தொத்தும்னே அடிச்சுச் சொல்றாங்க. மருந்துக் கடைக்காரர் மட்டும் ஒத்துக்கலை. அதுக்கு இன்னும் மாத்திரை வரலைன்னார்.

இந்தப் பேச்சைப் பரப்புனதுல எனக்கும் பங்கு உண்டு, இல்லேங்கலை. ஸ்கூட்டர் நான் சேர்த்தது. ஆனா நிஜமா நடந்ததை முழுசாத் தெரிஞ்சவனும் நான்தான். கரண்டு ஆபீசுக்கு எதிர்த்தாப்ல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். எட்டாவதோட படிப்பு நின்னுபோச்சு, ஆனா அடுத்தவங்க பேப்பரை என்னளவு படிச்சவன் இந்தப் பக்கத்துல எவனும் கிடையாது. அதனால இந்தத் தடவை ஸ்கூட்டர் இல்லாம சொல்றேன்.

மீட்டரக்கா சின்னதுல இருந்தே அப்படித்தான். பள்ளிக்கூடத்துல உட்கார வைக்க முடியலைன்னு வாத்தியாரம்மா ஒரு வழி பண்ணாங்க. சாக்பீஸ் எடுத்துட்டு வா, மணி அடி, அடுத்த வகுப்புல போய் டஸ்டர் வாங்கிட்டு வான்னு அனுப்பிக்கிட்டே இருந்தாங்க. அக்கா பாதிப் பாடத்தை வாசல்ல நின்னு கேட்டே பத்தாவது பாஸ் பண்ணிட்டாங்க. சாப்பிடறதுன்னா தட்டைக் கையில வச்சுக்கிட்டு அடுப்படிக்கும் வாசலுக்குமா நடை. டிவி பார்க்கிறதுன்னா கதவுப் பக்கம் நின்னுக்கிட்டு. சினிமாவுக்குப் போனா இடைவேளைக்கு அப்புறம் பாதைக்குப் பக்கத்துல செவுத்தோரம் நிப்பாங்க, டிக்கெட் கிழிக்கிறவர் மாதிரி.

புருஷன் அப்படியே நேர்மாறு. செல்போன் ரிப்பேர் பண்றவர். காலையில கடையில உட்கார்ந்தா சாயந்திரம்தான் எந்திரிப்பார். நாள் முழுக்க ஒரு திருகாணி, ஒரு சாமணம், ஒரு பூதக்கண்ணாடி. வாயைத் திறந்தா பல்பு மாத்தற அளவு யோசிச்சு ஒரு வார்த்தை வரும். இவங்க கல்யாணமே ஒரு போன்லதான் ஆச்சு. அக்கா போனை ரிப்பேருக்குக் கொடுத்தாங்க. அஞ்சு நிமிஷம் உட்காருங்கன்னாராம். இதோ வர்றேன்னு போனவங்க ஒரு மணி நேரத்துல பதினோரு தடவை வந்து எட்டிப் பார்த்தாங்க. ரெண்டாவது தடவையிலேயே போன் சரியாகிடுச்சாம். கொடுத்தது பதினோராவதுலதான். இந்தக் கதைய அவர் சொல்லலை, அவருக்கு அவ்வளவு நீளமாப் பேச வராது. அக்கா சொன்னது.

பதினெட்டு வருஷம் வீடு வீடாப் போய் மீட்டர் ரீடிங் எடுத்தாங்க. கையில டார்ச், உசரமான மீட்டரைப் பார்க்க ஒரு குச்சியில கட்டின கண்ணாடி, காதுல சொருகின கறுப்புப் பேனா. எந்த வீட்டு நாய் குரைக்கும், எது குரைக்காமக் கடிக்கும், எந்தப் பெட்டிக்குள்ள குளவி கூடு கட்டியிருக்குன்னு அத்தனையும் மனப்பாடம். ஒரு தடவை பூட்டிக் கிடந்த வீட்டுல மீட்டர் தடதடன்னு ஓடறதைப் பார்த்துட்டு, சாவி வச்சிருந்தவங்களத் தேடி மூணு தெரு போய்க் கூட்டிட்டு வந்தாங்க. உள்ள இஸ்திரிப் பெட்டி மேசைய எரிச்சுக்கிட்டு இருந்துச்சு. உட்கார்ந்திருக்கிற ஆள் கண்ணுல இதெல்லாம் படுமா?

அப்புறம்தான் அந்தப் பதவி உயர்வு வந்துச்சு. முதல் மாடி, புகார்ப் பிரிவு, மூணாவது மேசை, சுத்துற நாற்காலி. வீட்டுல ஒரே கொண்டாட்டம். அக்காவோட நாத்தனார் கூடவே இருக்கிறவங்க, அந்த நாற்காலிக்குன்னே ஒரு மெத்தை தைச்சுக் கொடுத்தாங்க.

"இனிமேலாவது வெயில்ல அலையாம மனுஷி மாதிரி உட்காருங்க அண்ணி."

"இத்தனை நாள் எது மாதிரி இருந்தேன்?"

"அதை என் வாயால சொல்ல வைக்காதீங்க."

முதல் நாள் பதினோரு மணி வரைக்கும் தாக்குப் பிடிச்சாங்க. அப்புறம் முழங்காலுக்குக் கீழ எறும்பு ஊறுது. எந்திரிச்சு தண்ணி குடிச்சாங்க. மறுபடி தண்ணி. மறுபடி. மூணாம் நாள் போன் வயர் எட்டற தூரம் வரைக்கும் நடந்துக்கிட்டே பேச, வயர் பிடுங்கிக்கிச்சு. பதினெட்டு வருஷத்துல ஒரு எண்ணைத் தப்பா எழுதாதவங்க, மேலத் தெருப் புகாரைக் கீழத் தெருன்னு எழுதி, லைன்மேன் சம்பந்தமில்லாத கம்பத்துல ஏறிட்டு வந்து திட்டினார். ரெண்டாவது வாரம் ராத்தூக்கம் போச்சு. வீட்டுல கோபத்துல பாத்திரம் பேச ஆரம்பிச்சுது. ஆபீசுலயோ, "பியூஸ் போயிடுச்சா? இருங்க, வர்றேன்"னு போனை வச்சுட்டு நேராவே கிளம்பிப் போயிடுவாங்க. இங்க மேசையில போன் அடிச்சுக்கிட்டே கிடக்கும்.

ஒரு நாள் ஆபீசர் ரவுண்டு வந்தார். மூணாவது மேசையில அக்கா நிக்கிறாங்க, நாற்காலியக் காணோம்.

"நாற்காலி எங்கம்மா?"

"வெளியில சார்."

"நாற்காலி வெளியில, ஆள் உள்ள. என்ன இது?"

"நேத்து ஆள் வெளியில, நாற்காலி உள்ள இருந்துச்சு. அதுக்கும் திட்டினீங்க."

பக்கத்து மேசைக்காரர் சிரிச்சுத் தொலைச்சுட்டார். அதுதான் வினை. ஆபீசர் கெட்டவர்னு சொல்ல மாட்டேன், ஆனா சிரிப்புச் சத்தம் கேட்டா உடனே பேப்பர் எடுக்கிற ஆளு. அன்னிக்குச் சாயந்திரமே மெமோ வந்துச்சு. பணியாளரோட நடத்தை இயல்பா இல்லை, மனநல மருத்துவர்கிட்ட காட்டி, பதினஞ்சு நாளுக்குள்ள சான்று தரணும், இல்லேன்னா கட்டாய விடுப்பு.

மெமோவைக் காப்பி எடுக்க என் கடைக்கு வந்தாங்க. முகம் சுண்டிப் போயிருந்துச்சு.

"உட்காருங்கக்கா"ன்னேன்.

"நீயுமா?"

அப்புறம் கல்லாவுக்கும் வாசல்படிக்குமா நடந்துக்கிட்டே கேட்டாங்க, "எனக்கு என் தெருவெல்லாம் திரும்ப வேணும். வேற எதுவும் வேண்டாம். அதுக்கு என்ன வழி, சொல்லு. நீதான் எல்லார் பேப்பரும் படிக்கிறவனாச்சே."

எனக்குத் தெரிஞ்சதைச் சொன்னேன். மேல ஏத்தினவங்கள மறுபடி களப்பணிக்கு இறக்கணும்னா மருத்துவக் காரணம் வேணும், அதாவது ஒரு வியாதி வேணும். ஆனா அது தலையில இருக்கிற வியாதியா இருந்தா, நாலு வீட்டுக்குள்ள நுழையற வேலைக்கு யார் அனுப்புவாங்க?

"அப்ப வியாதி இருந்தா வீட்டுக்கு, இல்லேன்னா நாற்காலிக்கு" அப்படின்னாங்க.

"ஏறக்குறைய அப்படித்தான்க்கா."

ஆஸ்பத்திரிக்கு மூணு பேராப் போனாங்க. அக்கா, புருஷன், நாத்தனார். அங்க நடந்ததை நாத்தனார் என் கடையில வந்து மூணு தடவை நடிச்சே காட்டினாங்க. அதுல பொதுவா இருந்ததை மட்டும் எழுதறேன்.

நாத்தனார் ஏற்கெனவே போன்ல ஒரு வீடியோ பார்த்து வச்சிருந்தாங்க. இந்தப் பத்து அறிகுறி இருந்தா இன்ன வியாதின்னு. உள்ள போனதுமே, "டாக்டரம்மா, நான் போட்டுப் பார்த்துட்டேன். அண்ணிக்குப் பத்துக்கு ஒன்பது."

"நான் இதுவரைக்கும் எடுத்ததுலயே பெரிய மார்க்கு" அப்படின்னாங்க அக்கா, ஜன்னல்கிட்ட நின்னு.

டாக்டரம்மா சிரிக்கலை. எதிர்ல இருந்த நாற்காலியக் காட்டவும் இல்லை. பொறுமையா ஒவ்வொண்ணாக் கேட்டாங்க.

"எப்ப இருந்து இப்படி?"

"பொறந்ததுல இருந்து."

"தூக்கம்?"

"நாற்காலி வந்ததுல இருந்து இல்லை. அதுக்கு முன்னாடி படுத்ததும் தெரியாது, விடிஞ்சதும் தெரியாது."

"மனசுக்குள்ள பயம், படபடப்பு, அழுகை?"

"தெருவுல இருந்த வரைக்கும் ஒண்ணும் இல்லீங்க. இப்ப ஆபீஸ் படி ஏறும்போதே எப்ப இறங்கலாம்னு இருக்கு."

ரெண்டு நாள் வரச் சொன்னாங்க. ரெண்டாவது நாள் பேசினது பூரா ஆஸ்பத்திரி வராந்தாவுல நடந்துக்கிட்டேதானாம். நாத்தனார் பின்னாலயே ஓடி மூச்சு வாங்கினதையும் நடிச்சுக் காட்டினாங்க. கடைசியா டாக்டரம்மா புருஷனைப் பார்த்து, "உங்களுக்கு என்ன தோணுது?"ன்னு கேட்டாங்க.

அவர் சொன்னது ஒரே வரி. "ரெண்டு பேரும் உட்கார்ந்துட்டா வீடு நடக்காதும்மா."

"நீங்க ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் உட்காருவீங்க?"

"ஒன்பது, பத்து."

"உங்களை யாராவது டாக்டர்கிட்ட கூட்டிட்டு வந்தாங்களா?"

அவர் தங்கச்சியப் பார்த்தார். தங்கச்சி விட்டத்தைப் பார்த்தாங்க.

டாக்டரம்மா நாத்தனார்கிட்ட திரும்பி, "வெளியில முப்பது பேர் காத்திருக்காங்க. நிஜமாவே உள்ளுக்குள்ள ஒடிஞ்சு போனவங்க. அவங்களுக்கு மருந்து வேணும், தர்றேன். காரணமே தெரியாம ராத்திரி முழுக்கத் தூங்காத ஆள், தன்னையே வெறுக்கிற ஆள், அது வேற. இவங்க நல்லாத்தான் இருந்தாங்க. நடக்கிறவங்களப் பிடிச்சு உட்கார வச்சிருக்கீங்க. அதுக்கு ஒரு பேரும் வச்சு மாத்திரையும் நான் கொடுக்கணுமா?"

"அப்ப அந்தப் பத்துக்கு ஒன்பது?"

"எனக்குப் போட்டுப் பாருங்க. எட்டுக்குக் குறையாது."

சான்றுத் தாள்ல 'நோயின் பெயர்'னு ஒரு கட்டம். வெறுமனே விட்டா ஆபீசுல ஏத்துக்க மாட்டாங்க. டாக்டரம்மா தன்னோட வெளிர் நீலப் பேனாவால 'நோய் ஏதும் இல்லை, இது இவரது'ன்னு எழுதறப்பவே மை தீர்ந்துபோச்சு. அக்கா காதுல இருந்த கறுப்புப் பேனாவை வாங்கி 'சுபாவம்'னு முடிச்சு, கையெழுத்துப் போட்டுட்டாங்க.

இப்ப என் மெஷின் விஷயம் ஒண்ணு சொல்லணும். அதுக்கு வெளிர் நீலம்னா ஆகாது. கறுப்பைக் கவ்வும், வெளிர் நீலத்தைக் கண்டுக்கவே கண்டுக்காது. அக்கா நீட்டின சான்றை வச்சேன், பட்டனை அமுக்கினேன், வந்ததை எடுத்துக் கொடுத்தேன். நோயின் பெயர்: சுபாவம். நான் பார்த்தேனான்னு கேக்காதீங்க.

பெரிய கிளார்க்கு அந்தக் காப்பியப் பார்த்தே உத்தரவு அடிச்சுட்டார். 'மேற்படி பணியாளர் சுபாவம் என்னும் நோயால் பாதிக்கப்பட்டுள்ளதால் ஆறு மாத காலத்துக்குக் களப்பணிக்கு அனுப்பப்படுகிறார். ஆறு மாத முடிவில் சுபாவம் குறைந்துள்ளதா என மருத்துவச் சான்று அளிக்க வேண்டும்.' அதையும் என்கிட்டதான் காப்பி எடுத்தாங்க. எனக்கு அன்னிக்குச் சாப்பாடே இறங்கலை, சிரிச்சுச் சிரிச்சு.

அக்கா உத்தரவைப் படிக்கவே இல்லை. களப்பணிங்கிற வார்த்தையப் பார்த்ததும் குச்சியும் கண்ணாடியுமாக் கிளம்பிட்டாங்க. ரெண்டு நாள் ராஜ நடை. மூணாவது நாள் ஒரு வீட்டுல, வழக்கமா ஒரு வாய் டீ கொடுக்கிற அம்மா, கதவைப் பாதி திறந்து, "நீங்க அங்கேயே நில்லுங்க. நான் நம்பரைப் படிச்சுச் சொல்றேன்"னாங்க.

"ஏம்மா?"

"உங்களுக்கு என்னமோ சுபாவமாமே. வீட்டுல கைக்குழந்தை இருக்கு."

அடுத்த வீட்டுலயும் அதே கதை. அதுக்கடுத்த வீட்டுல கதவே திறக்கலை. நேரா என் கடைக்கு வந்து ஒரிஜினலையும் காப்பியையும் பக்கத்துல பக்கத்துல வச்சாங்க. வச்சுட்டு நிக்கலை, என் கடை நீளத்துக்கும் நடந்தாங்க.

"உன் மெஷின் அஞ்சு வார்த்தையத் தின்னுட்டிருக்கு."

"விடுங்கக்கா. கேட்டது கிடைச்சுதுல்ல? ஆறு மாசத்துக்கு ஒரு தடவை சுபாவம் குறையலைன்னு எழுதி வாங்கிக்கிட்டாப் போச்சு."

"கதவு திறக்கலைடா. தெருவை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

ஒரிஜினலைத் தூக்கிக்கிட்டு மாடி ஏறினாங்க. கடையப் பாதி சாத்திட்டு நானும் பின்னாலயே போனேன். இதை விட்டுட்டு எனக்கு வேற என்ன வேலை?

ஆபீசர் ரெண்டு தாளையும் பார்த்தார். என்னையும் ஒரு பார்வை பார்த்தார். "நோய் இல்லேன்னா ரொம்ப நல்லது. நாளைக்குக் காலையில நாற்காலிக்கு வந்துடுங்க."

அக்கா நடக்காம ஒரே இடத்துல நின்னதை அன்னிக்குத்தான் பார்த்தேன். "நோய்னு போட்டா வீட்டுக்காரங்க கதவு திறக்க மாட்டேங்கிறாங்க. நாற்காலியில உட்கார்ந்தா நான் நானா இருக்க மாட்டேன். மூணாவதா ஒண்ணு சொல்லுங்க சார்."

"மூணாவது கிடையாதும்மா."

பெரிய கிளார்க்கு அதுக்குள்ள ஒரு தடிப் புத்தகத்தைப் புரட்டிக்கிட்டிருந்தார், தான் அடிச்ச உத்தரவை எப்படி ரத்து பண்றதுன்னு. திடீர்னு தொண்டையக் கனைச்சார். "சார், இங்க ஒரு விதி இருக்கு. பதவி உயர்வு வேண்டாம்னு எழுதிக் கொடுத்தாப் பழைய வேலையிலேயே இருக்கலாமாம். மூணு வருஷத்துக்கு மறுபடி கேக்க முடியாது, அவ்வளவுதான்."

அக்கா கிளார்க்கு பக்கம் போய் அந்தப் பக்கத்தை எட்டிப் பார்த்தாங்க.

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?" அக்கா கேட்டாங்க.

"நாற்காலி வேண்டாம்னு ஒருத்தர் சொல்வாங்கன்னு யாருக்கும்மா தெரியும்? முப்பது வருஷத்துல ஒருத்தரும் கேட்டதில்லை. இந்தப் பக்கத்தை நானே இன்னிக்குத்தான் பார்க்கிறேன்."

அக்கா ஒரு தாளை வாங்கிச் செவுத்துல வச்சு நின்னுக்கிட்டே எழுதினாங்க. மூணே வரி. காரணம்னு ஒரு வரி வேணும்னார் கிளார்க்கு. 'பிடிக்கவில்லை'ன்னு எழுதினாங்க. அது காரணம் ஆகுமான்னு கிளார்க்கு ஆபீசரைப் பார்த்தார். ஆபீசர் வேற எதுவும் கேக்காமக் கையெழுத்துப் போட்டார். அந்தச் சுபாவ உத்தரவைத் தன் கண்ணு முன்னாலேயே குறுக்குக் கோடு போட்டு ரத்துன்னு எழுத வச்சுட்டுத்தான் அக்கா படி இறங்கினாங்க. கோடு போட்ட தாளை நூத்தம்பது காப்பி எடுக்கச் சொன்னாங்க. இப்ப போற வீட்டுக்கெல்லாம் ரீடிங் அட்டையோட அதையும் ஒண்ணு கொடுக்கிறாங்க. கதவு ஒவ்வொண்ணாத் திறக்குது. சிலது இன்னும் திறக்கலை. அங்கெல்லாம் ரெண்டு தடவை போறாங்க.

நேத்து என் கடை மீட்டரைப் பார்க்க வந்தாங்க. இப்படி உங்க கதைய எழுதிக்கிட்டிருக்கேன்க்கா, அந்த நாற்காலி எறிஞ்ச விஷயத்தை மட்டும் உங்க வாயால ஒரு தடவை சொல்லிடுங்கன்னேன்.

"நகரு, மீட்டரை மறைக்கிற" அப்படின்னாங்க. டார்ச் அடிச்சு, எண்ணைக் குறிச்சு, பேனாவைக் காதுல சொருகினாங்க. பாதிப் படி இறங்கினதுக்கு அப்புறம்தான் பதில் வந்துச்சு.

"எறியலை. தூக்கிட்டுப் போய் வராந்தாவுல போட்டேன், கால்ல கட்டுப் போட்டு ஒருத்தர் நின்னுக்கிட்டிருந்தார், அவர் உட்காரட்டும்னு. ஜன்னல் போன மழையிலேயே உடைஞ்சது. அங்க ஸ்கூட்டர் நிறுத்தவே இடம் கிடையாது. என்னை யாரும் பிடிச்சுட்டுப் போகலை, பஸ்ல போனேன், நின்னுக்கிட்டு. வியாதியும் இல்லை, மண்ணும் இல்லை. எனக்கு உட்காரப் பிடிக்காது. அதை எழுது."