கொட்டின பிஞ்சு

எங்கள் நிலம் கருவேப்பிலங்குறிச்சி ரோட்டை ஒட்டி இருக்கிறது. அண்ணனுக்கும் எனக்கும் பொது. அதில் பேரீச்சை வைத்தது நான். அண்ணன் முந்திரி வைக்கலாம் என்றார். காய்க்கவில்லை என்றால் ஜேசிபி விட்டுப் பிடுங்கிவிடுவேன் என்று அன்றைக்கே சொல்லிவிட்டார்.

நான் வளைகுடாவில் பேரீச்சைத் தோட்டத்தில் இருந்தவன். தண்ணீர் கட்டுகிற வேலை. சுற்றிலும் மணல். வெயில் எவ்வளவு அடித்தாலும் மரம் தாங்கும். வேரில் ஈரம் போனால் காய் சுருங்கிவிடும். கால் தண்ணியில், தலை நெருப்பில் என்பார்கள். அது எனக்குத் தெரியும். பூ வைக்கிற வேலை வேறு ஆட்களுடையது. கீழே நின்று பார்த்ததோடு சரி.

பேரீச்சையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. இந்தத் தையில்தான் முதல் பாளை வெடித்தது. ஆண் பூச்சரத்தை ஒடித்துப் பெண் பாளைக்குள் செருகி, ஓலைக் கீற்றால் கட்டினேன்.

மாசிக் கடைசியில் பிஞ்சு கொட்ட ஆரம்பித்தது. மிளகு போல, பச்சையாக. முந்திரியில் பிஞ்சு கொட்டினால் போச்சு என்று அர்த்தம். பீங்கான் கம்பெனிக்கு வேலைக்குப் போகுமுன் நிலத்துக்குப் போய்க் கூட்டி அள்ளி வாய்க்காலில் போட்டேன். அண்ணன் கண்ணில் படக்கூடாது. மறுநாள் இன்னும் அதிகம்.

"ஏங்க, தோட்டத்த இந்தக் கூட்டு கூட்டுறீங்களே, வூட்டு வாசல என்னைக்காச்சும் கூட்டியிருக்கீங்களா?" என்றாள் மனைவி. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசியில் பாய்க்குப் போன் போட்டேன். பெண்ணாடத்துக்காரர். வளைகுடாவில் என்னோடு இருந்தவர். இன்னும் அங்கேதான் பூ வைக்க மரம் ஏறுகிறார். வீடியோவில் தரையைக் காட்டினேன்.

"யோவ், இதுக்கா மூஞ்சிய இப்படி வச்சிருக்க? ஒரு பூவுல மூணு பிஞ்சு வரும்யா. ஆண் பூ சேந்துச்சுன்னா ஒண்ணு நிக்கும், ரெண்டு கொட்டிடும். மூணும் நின்னாதான் வம்பு. கொட்டையே இல்லாம சூம்பிப் போவும்."

"நெசமாவா பாய்?"

"தண்ணி கட்டுனவன் கையில பூவக் குடுத்தா இப்படித்தான். தரையப் பாக்காத. குலையப் போய்ப் பாரு."

பார்த்தேன். ஒவ்வொரு பூவிலும் இரண்டு பிஞ்சு விழுந்த தடம் இருந்தது, ஒன்று நின்றது. ஓரத்து மரத்தில் மட்டும் மூன்று மூன்றாக ஒட்டிக்கொண்டிருந்தன. அதன் கீழே தரை சுத்தம்.

மறுநாள் கூட்டவில்லை. அன்றைக்கென்று அண்ணன் வந்தார்.

"இன்னாடா இது, எல்லாம் கொட்டிக் கெடக்குது?"

"கொட்டட்டும்ணே. கொட்டணும்."

"பைத்தியமா புடிச்சிருக்குது ஒனக்கு?" ஓரத்து மரத்தைக் காட்டினார். "அது ஒண்ணுதான் தேறும் போல."

விவரம் சொன்னேன். நம்பினாரா தெரியாது.

"ஆடி வரைக்கும் பாக்குறேன். அப்புறம் ஜேசிபிதான்" என்று வண்டியை எடுத்தார்.

ஆடியில்தான் பழுக்கும். பாலைவனத்தில் பழுக்கிற காலத்தில் மழை கிடையாது. இங்கே உண்டு. நனைந்தால் அழுகும். அதை அண்ணனிடம் சொல்லவில்லை.