ஃபைல் சர்வரைக் கொன்ற மதியம்

திருப்பதியில் எம்.சி.ஏ. கடைசி வருடம். நான் நகரிக்காரி. புராஜெக்டில் எனக்குத் துணை, குடுபல்லியிலிருந்து வந்த என் அறைத்தோழி. இரண்டு ஊரும் ஆந்திராவின் தமிழ் எல்லையோரம்; வகுப்பில் தெலுங்கு, அறைக்குள் தமிழ்.

யூனிக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தில் பிரிண்டர், டிஸ்க், ஃபைல் எல்லாவற்றையும் கெர்னல் என்கிற ஒரே பெரிய புரோகிராம் பார்த்துக்கொள்ளும். உள்ளே ஒன்று கெட்டால் மொத்த மெஷினும் விழலாம். மைக்ரோகெர்னல் சின்னது; புரோகிராம்களுக்கிடையே செய்திகளைக் கைமாற்றுவது, மெமரியைப் பங்கிடுவது போன்ற அடிப்படை வேலைகள் மட்டும் அதற்கு. மற்றதெல்லாம் வெளியே தனித்தனி புரோகிராம்கள். அப்படியொரு கெர்னலின்மேல் யூனிக்ஸ் கட்டளைகளை ஓடவைத்திருந்தோம். எந்த புரோகிராம் செத்தாலும் காவல் புரோகிராம் ஒன்று அதை டிஸ்கிலிருந்து எடுத்து மறுபடி கிளப்பிவிடும்.

வைவாவில் பிரிண்டரை இயக்கும் டிரைவர் புரோகிராமைக் கொன்று காட்டுவதாகத் திட்டம். பதற்றத்தில் புரோகிராமின் எண்ணை மாற்றித் தட்டிவிட்டேன். செத்தது ஃபைல்களைப் பார்த்துக்கொள்ளும் ஃபைல் சர்வர். திரை அப்படியே நின்றது. காவல் புரோகிராமும் கையைப் பிசைந்தது; டிஸ்கிலிருந்து எதை எடுக்கவும் அந்த சர்வர்தானே வேண்டும்!

பெங்களூர் கம்பெனியிலிருந்து வந்திருந்த பரிசோதகர், “கெர்னல் உயிரோடுதானே இருக்கிறது? இருந்து என்ன பிரயோஜனம்?” என்று தெலுங்கில் கேட்டார். மறுநாள் வரச் சொன்னார்.

வெளியே வந்ததும் அழுதேன்.

“அழுதுக்கினு இருந்தா ஆயிடுமா? நீ அத சாவடிக்கலன்னா இப்டி ஓட்ட கீதுன்னே தெரிஞ்சிருக்காது. வா, துன்னுட்டு யோசிக்கலாம்,” என்றாள் அவள்.

மெஸ்ஸில் சாதம் பிசைந்தபடியே, “அத மட்டும் மெமரில ஒரு காப்பி வச்சிக்கினா?” என்றாள்.

மறுநாள் தெரிந்தே ஃபைல் சர்வரைக் கொன்றோம். மெமரி காப்பியிலிருந்து எழுந்தது. ஆனால் எந்தெந்த ஃபைல் திறந்திருந்தது என்பது புது சர்வருக்குத் தெரியவில்லை. அதைப் பரிசோதகர் கேட்குமுன் நானே சொல்லிவிட்டேன். தலையாட்டிக்கொண்டார்.

அவர் கம்பெனியின் வேலை அழைப்பு அவளுக்கு மட்டும் வந்தது. ஒரு வாரம் அவளோடு சரியாகப் பேசவில்லை. பெங்களூர் பஸ் ஏற்றிவிடப் போனபோதுதான் என் பொறாமையைச் சொன்னேன். “தெரியும்டீ,” என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

நான்கு மாதம் கழித்து எனக்குச் சென்னையில் வேலை. அங்கே பழைய பெரிய கெர்னல்தான். முதல் வாரமே டிரைவர் ஒன்று கெட்டு மெஷின் விழுந்தது. எஸ்.டி.டி. பூத்திலிருந்து அவளைக் கூப்பிட்டேன்.

“இங்க மட்டும் இன்னா? மைக்ரோகெர்னல்னுதான் ஆரம்பிச்சாங்க. வேகம் பத்தலன்னு ஃபைல் சர்வரத் திரும்ப கெர்னலுக்கு உள்ளயே தள்ளிட்டாங்க. ரெண்டும் கலந்துதான் ஓடிக்கினு கீது,” என்றாள்.

இருவரும் வெகுநேரம் சிரித்தோம். சென்னை எனக்குக் கொஞ்சம் பழகியதுபோல் இருந்தது.