படியில் வெட்டிய பேர்

அந்தப் பட்டாசுக் கம்பெனி முதலாளியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் அவர் கம்பெனியில் என் அம்மா வெடிக்குத் திரி வைத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் சாயங்காலம் சைக்கிளில் அவளைக் கூப்பிடப் போயிருந்தேன். சரக்கு குறைகிறதாம். அத்தனை பொம்பளைகள் முன்னால் அம்மாவின் பையைப் பிடுங்கிக் கொட்டினார். தூக்குவாளி உருண்டு, எனக்கென்று அவள் மிச்சம் வைத்திருந்த சோறு மண்ணில் சிந்தியது. வெடி ஒன்றும் இல்லை. "சரி, போ" என்றவர், செருப்புக் காலோடு சோற்றை மிதித்துக்கொண்டு காரில் ஏறினார்.

அம்மா மறுநாளும் அங்கேயே வேலைக்குப் போனாள். நான் மறக்கவில்லை. ஏன் மறக்கணும்?

படித்தேன், விருதுநகரில் வீடு பிடித்து அம்மாவை அழைத்துக்கொண்டேன், கட்டட காண்ட்ராக்டர் ஆனேன். ஊர்ப் பெருமாள் கோயிலில் பழைய கல்மண்டபத்தை ஒட்டிப் புது மண்டபம் கட்டும் வேலை என்னிடம் வந்தது. உபயம் யார் என்று கேட்டேன். அவர்தான். ஆகா, வாய்யா வா என்று மனசுக்குள் துள்ளினேன். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. அதுவும் வசதியாய்ப் போயிற்று.

பளபளவென்று கிரானைட் ஒட்டி, சுவரில் தன் பேரைத் தங்க எழுத்தில் போட வேண்டும் என்றார்.

"அங்கன பழைய கல்லு கருத்துப்போய் நிக்குது. பக்கத்துல கிரானைட்ட ஒட்டுனா ஓட்டல் மாதிரி இருக்கும்ங்க. பாலீஷ் போடாத கல்லே வைப்போம். ரெண்டும் ஒரே கோயிலாத் தெரியும்" என்றேன். இது என் தொழில் சொன்ன நியாயம். இன்றைக்கும் அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

"அப்ப எம்பேரு?"

"முதல் படியில வெட்டிருவோம். அடியார் பாதத் தூசி ஒங்க பேருல படும். அம்புட்டும் புண்ணியம்."

கண்ணை மூடிக் கும்பிட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மிதிக்கட்டும், ஊரே மிதிக்கட்டும். எழுத்தை ஆழமாக வெட்டச் சொன்னேன், அவர் காலத்துக்குப் பிறகும் அழியக் கூடாது என்று.

கும்பாபிஷேகத்துக்கு அம்மாவைக் காரில் கூட்டிப் போனேன். உபயதாரர் யாரென்று அவளிடம் மூச்சு விடவில்லை. முதலில் மிதிக்கட்டும், அப்புறம் சொல்லி அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் மண்டபமே கட்டினேன் என்று சொன்னாலும் தப்பில்லை.

எங்களுக்கு முன்னால் போன பொம்பளைகள் படிக்கு வந்ததும் குனிந்தார்கள். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் காலை வைத்தார்கள். கோயில் படியை யார்தான் சும்மா மிதிப்பார்கள்? வேலைக்கு மட்டுமே கோயிலுக்குப் போகிற முட்டாப்பயல் எனக்கு இது மறந்துவிட்டது. மேலே அவர் மாலையும் கழுத்துமாக, குனிகிற தலைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அம்மா, நில்லு" என்று கையைப் பிடிப்பதற்குள், மேலே நிற்பவரைக் கவனிக்காமலே அவளும் குனிந்துவிட்டாள். தொட்டவள் விரலால் எழுத்தைத் தடவினாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"ஏலே, எம்புட்டு அழகா வெட்டிருக்கே. யாரு பேரு இது?"

வாய் வரைக்கும் வந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். நான் கட்டிய மண்டபம் என்ற பெருமையில் அது மலர்ந்திருந்தது.

"சாமி பேரும்மா" என்றேன்.

"அப்படியா" என்று இன்னொரு தடவை தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.