எதிர்ச்சுற்று

ஒரு வேலையை எதுவரை ஒருவருடைய கைவேலை என்று சொல்லலாம்? இதைப் பற்றிப் பெரியவர்கள் நிறைய எழுதி வைத்திருக்கிறார்கள். படித்தவற்றில் ஒன்றும் எனக்குப் போதவில்லை. கேள்வியை எனக்குக் கொடுத்ததோ புத்தகமே தொடாத ஒரு மனிதர், என் அக்காவின் கணவர். அத்தான் தூண்டிலுக்கு ஈ கட்டுகிறவர்.

பறக்கிற ஈ இல்லை. சின்னக் கொக்கியில் இறகையும் நூலையும் சுற்றி, மீன் ஏமாறும்படி பூச்சி போலச் செய்வதற்கு அந்தத் தொழிலில் ஈ என்று பெயர். பட்டறையில் எட்டுப் பேர் ஒரு நீள மேசையில் உட்கார்ந்து கட்டுவார்கள். எல்லாவற்றிலும் எளியது அட்டை, ரத்தம் குடிக்கிற அட்டைப்பூச்சியின் உருவம். ஏரி மாதிரி ஓட்டமில்லாத தண்ணீரில் டிரவுட் மீன் பிடிப்பவர்கள் கேட்டு வாங்குவது. கொக்கியை வைஸ் என்கிற குட்டி இடுக்கியில் கடிக்க வைத்து, மராபு என்கிற மெல்லிய தூவியில் ஒரு சிட்டிகை எடுத்து வாலாகக் கட்ட வேண்டும். இன்னொரு சிட்டிகையை முறுக்கி உடம்பாகச் சுற்ற வேண்டும். தலையில் ஒரு முடிச்சு, அதன்மேல் ஒரு சொட்டு வார்னிஷ். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாள் கொடுப்பதே அட்டைதான்.

கல்யாணம் பேசும்போது அவர் "அட்டை கட்டுறேன்" என்று சொல்ல, எங்கள் அம்மா அட்டைப்பெட்டி செய்கிறவர் என்று நினைத்துக்கொண்டாள். உண்மை தெரிந்த அன்று அவள் போட்ட கூச்சலை அக்கா அதே குரலில் நடித்துக் காட்டுவாள்.

இருபத்தெட்டு வருட வேலையில் கடைசிப் பதினான்கு வருடம் அத்தான் சரிபார்ப்பவர். ஜன்னலோர நாற்காலி அவருடையது. முன்னால் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர், பக்கத்தில் ஒரு பிளேடு. அட்டையைத் தண்ணீரில் விட்டு இழுத்துப் பார்ப்பார். காய்ந்திருக்கும்போது புஸ்ஸென்று இருக்கிற தூவி, நனைந்ததும் ஒல்லியாகிவிடும். இழுத்தால் சுருங்க வேண்டும், நிறுத்தினால் விரிய வேண்டும். விரிந்தால் "போகலாம்" என்பார். விரியாவிட்டால் பிளேடால் நூலை அறுத்து, வெறும் கொக்கியைத் திருப்பித் தருவார். "போகலாம்" என்பதற்கு மேல் ஒரு சொல் அவர் வாயிலிருந்து யாரும் வாங்கியதில்லை.

அவருக்கு முன்பு அந்த நாற்காலியில் இருந்தவர் கண் மங்கிய பிறகும் நல்லதையெல்லாம் அறுத்துக்கொண்டிருந்தார். அந்த எரிச்சலில், நாற்காலி தனக்கு வந்ததும் அத்தான் முதலாளியிடம் சொல்லி ஒரு விதி வைத்தார். கட்ட முடியாதவன் அறுக்கக் கூடாது. சரிபார்ப்பவர் வருடத்துக்கு ஒரு முறை ஆறு அட்டை கட்டிக் காட்ட வேண்டும்.

ஐம்பத்து மூன்றாவது வயதில் பக்கவாதம் வந்தது. கால் திரும்பி வந்தது. பேச்சும் கொஞ்சம் குழறலோடு வந்தது. வலது கை மட்டும் வரவில்லை.

முதலாளி வீட்டுக்கு வந்தார். அவரும் ஒரு காலத்தில் அதே மேசையில் உட்கார்ந்து கட்டியவர்தான்.

"நாற்காலி அப்படியேதான் இருக்கு. ஆனா விதி நீ வெச்சது. நானே அதை மீறினா மத்தவங்க என்னை மதிப்பாங்களா?" என்றார்.

"மீற வேணாம் முதலாளி."

"எல்லார் முன்னாடியும் உன்னை உட்கார வெச்சுப் பார்க்க எனக்கு மனசு வரல. வீட்லயே கட்டு. ஒண்ணாந்தேதி கொண்டு வா. ஆறே ஆறு. அதுக்கப்புறம் வருஷம் பூரா நீ பார்க்கற வேலைதானே. கண்ணு நல்லாத்தானே இருக்கு."

நாற்பது நாள் இருந்தது. வைஸை வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் மாட்டினோம். வேலைக்குப் போகிற வழியில் தினமும் நான் எட்டிப் பார்ப்பேன். தூவியை இடது கை பிடிக்கும். நூல்கண்டு மாட்டிய பாபினைப் பிடித்து நூலை இறுக்கிச் சுற்ற வேண்டியது வலது கை. அது ஒன்று தளர விட்டது, இல்லாவிட்டால் வெடுக்கென்று இழுத்து நூலை அறுத்தது. விரலோடு பாபினைத் துணியால் கட்டிப் பார்த்தார். கொக்கி முனை கட்டைவிரலில் ஏறியிருந்ததை, மேசையில் ரத்தம் பார்த்த பிறகுதான் கவனித்தார்.

"இது என் கை இல்ல மாப்ளே. யாரோ மறந்து விட்டுட்டுப் போயிருக்காங்க," என்றார்.

தூவியை உதட்டில் ஈரப்படுத்தி ஒழுங்கு செய்வது அவர் பழக்கம். இப்போது மரத்துப்போன வாய்க்கோடியில் கறுப்புத் தூவி ஒட்டிக்கொண்டிருக்கும், அவருக்குத் தெரியாது. அக்கா முந்தானையால் துடைத்துவிடுவாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இருபதாம் நாள், வலது கையைத் தூக்கி மேசையில் அடித்தார். தூக்கியது இடது கைதான். மூன்று முறை அடித்தார். வலிக்காததுதான் அவரை அழ வைத்தது.

"முதல் நாள் வர்றவன் கட்டிருவான் இதை," என்றார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இத்தனை நாள் ஈ கட்டினேன். இனி ஈ ஓட்ட வேண்டியதுதான்," என்றார். சிரித்தது நான் மட்டும்தான். சிரித்திருக்கக் கூடாது.

அக்கா வீட்டிலேயே துணி தைக்கிறவள். நூல் எந்த இழுப்பில் அறும் என்று அவள் விரலுக்குத் தெரியும். இடக்கைக்காரி. இருபத்தாறாம் நாள் காலை, தையல் மெஷினை விட்டு எழுந்து வந்து அவருக்கு நேரெதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். எதிரே உட்கார்ந்தால் அவளுடைய இடது கை சரியாக அவருடைய வலது கை இருக்க வேண்டிய இடத்துக்கு வருகிறது. இதை அவள் எத்தனை நாள் யோசித்தாளோ தெரியாது.

"பிடிங்க. நான் சுத்தறேன்."

"உனக்கு என்ன தெரியும்?"

"தெரியாதுதான். நீங்க திட்டுங்க, நான் சுத்தறேன். புதுசா என்ன?"

திட்டினார். அவள் சுற்றினாள். ஒன்பது நாள் கழித்து ஒரு அட்டையைத் தண்ணீர் டம்ளரில் விட்டு இழுத்து, நிறுத்தினார். தூவி விரிந்தது.

"போகலாம்," என்றார்.

"இருபத்தஞ்சு வருஷமா சமைச்சுப் போடறேன். ஒரு நாள் சொன்னீங்களா இதை?" என்றாள் அக்கா. அவள் கண் கலங்கியிருந்தது.

அத்தான் பூதக்கண்ணாடியை எடுத்து அட்டையின் தலையைப் பார்த்தார். முகம் மாறியது. நூலைத் தனக்கு அப்பால் தள்ளிச் சுற்றுவதுதான் கட்டுகிறவர்கள் வழக்கம். அக்காவும் தனக்கு அப்பால்தான் தள்ளினாள். ஆனால் அவள் உட்கார்ந்திருந்தது எதிர்ப்பக்கம். அதனால் சுற்று முழுக்க அவர் கை சுற்றுவதற்கு நேரெதிராகப் போயிருந்தது.

"தலைகீழாச் சுத்தியிருக்க."

மாற்றிச் சுற்றச் சொன்னார். அவள் முயன்றாள். கை தடுமாறி நூல் அறுந்தது. மறுநாளும் அறுந்தது. இன்னும் நான்கு நாள்தான் இருந்தது.

"விடுங்க. மீனுக்கு என்ன தெரியும்?"

"முதலாளிக்குத் தெரியும்."

"கேட்டா, இடது கையால பழகிட்டேன்னு சொல்லுங்க. இடக்கைக்காரங்க சுத்தினா இப்படித்தானே வரும்? அதுல பொய் எங்க இருக்கு? கை இடது கைதானே?"

அவர் அடுத்த கொக்கியை வைஸில் மாட்டினார். அவள் சுற்றினாள், அவர் பிடித்தார். ஆறு முடிந்தன.

ஒன்றாம் தேதி காலை நான் கூடப் போனேன். முதலாளி அறைக் கண்ணாடிக்கு அப்பால் அந்த ஜன்னலோர நாற்காலி தெரிந்தது. டம்ளர் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. ஆறு அட்டைகளும் ஒரு தக்கைத் துண்டில் வரிசையாகக் குத்தியிருந்தன. முதலாளி ஒன்றைத் தண்ணீரில் இழுத்துப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"சுத்து எதிர்ப்பக்கம் போகுதே," என்றார். உடனே அவர் முகம் வெளிச்சமானது. "அடப்பாவி! இடது கையால பழகிட்டியா? இந்த வயசுலயா? அதானே? ஆமான்னு சொல்லு, திங்கக்கிழமை வந்து உட்காரு."

அவர் சந்தேகப்படவே இல்லை. அத்தானுக்காகச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார். நான் அத்தானைப் பார்த்தேன். சொல்ல வேண்டியது ஒரே ஒரு சொல். அதையும் முதலாளியே எடுத்துக் கொடுத்துவிட்டார்.

"பிளேடு இருக்கா முதலாளி?" என்றார் அத்தான்.

ஏதோ பிசிறை வெட்டப் போகிறார் என்று முதலாளி எடுத்துக் கொடுத்தார். அத்தான் தண்ணீரில் நனைந்திருந்ததையும் வாங்கித் தக்கையில் குத்தினார். வலது கையைத் தூக்கித் தக்கையின்மேல் பாரமாக வைத்தார். இடது கையால் முதல் அட்டையின் தலைநூலை அறுத்தார்.

"என்னடா பண்ற! நல்லாத்தான்டா இருக்கு!"

இரண்டாவதை அறுத்தார். பதறவில்லை, அவசரப்படவும் இல்லை. மூன்று, நான்கு. தூவி மேசையெங்கும் பறந்து முதலாளியின் சட்டையில் ஒட்டியது. முதலாளி அவர் கையைப் பிடிக்க எழுந்தார், பிறகு ஏனோ உட்கார்ந்துவிட்டார். ஆறாவதும் முடிந்தது.

"கொக்கி ஆறு. எண்ணிப் பார்த்துக்குங்க," என்று தக்கையை அவர் பக்கம் நகர்த்தினார்.

வீட்டில் அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். "என்ன சொன்னாரு?"

"போகலாம்னுட்டாரு," என்றார் அத்தான்.

அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்துக்கொண்டு என்னால் அங்கே நிற்க முடியவில்லை. திங்கட்கிழமை அவர் கிளம்பாதபோதுதான் அவளுக்குப் புரிந்தது.

ஏன் என்று அவள் கேட்டாள். நான் கேட்டேன். முதலாளி இரண்டு முறை வீடு தேடி வந்து கேட்டார். அதற்குப் பிறகு ஒன்பது வருடம் இருந்தார் அத்தான். அக்காவின் மெஷினுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவள் தைக்கிற துணி நழுவாமல் இடது கையால் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அன்று ஏன் அறுத்தார் என்று மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.