மறுபடி பாடாத ஆர்ஜியா

இத்தாலியின் பார்மா நகர அரங்கில் பாடுவதைவிடச் சிங்கக் கூண்டுக்குள் நுழைவது மேல் என்று ஓபரா பாடகிகள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள். அந்த ஊரில் மலிவு டிக்கெட் வாங்கி உட்காரும் மேல்மாடத்து ஜனங்களுக்கு ஒவ்வொரு சுரமும் மனப்பாடம். பிசகினால் சீழ்க்கையடித்தே சாகடிப்பார்கள்.

ஆர்ஜியா கிரார்டி அந்த மேல்மாடத்துக்காரர் ஒருவரின் மகள்தான். அப்பா ஒரெஸ்தே மலையடிவாரக் கிடங்கில் பன்றித் தொடைகளுக்கு உப்புத் தேய்ப்பவர். வேலைக்கு நடுவே அவரும் கூட்டாளிகளும் பாடுவதைக் கேட்டுப் பாடக் கற்றவள், தேவாலயப் பாடகர் குழு வழியாக மிலானுக்குப் போய், உச்சக் குரலில் பாடும் சொப்ரானோ ஆனாள். கூரை ஒழுகும் சிற்றூர் மேடைகளில் பல வருடம் பாடிய பிறகு, போர் முடிந்து சில வருடங்கள் கழித்துத்தான் சொந்த ஊர் அவளை அழைத்தது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், பருவத்தின் முதல் ஓபரா. கதாநாயகி வேடம்.

அந்த நேரம் பார்த்தா தொண்டை வலிக்க வேண்டும்? மிலான் மருத்துவர் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார்.

"குரல்நாண்ல ரத்தக்குழாய் ஒண்ணு வீங்கியிருக்கும்மா. மூணாவது அங்கத்துப் பாட்டுல வர்ற உச்ச சுரத்தை ஒரு தடவை தொட்டா தாங்கலாம். மறுபடி தொட்டா வெடிச்சிடும். அப்புறம் நீ பேசலாம், பாட முடியாது."

விலகினால் தொண்டை கெட்டுவிட்டது என்ற பேச்சு இத்தாலி முழுக்கப் பரவும். பிறகு எந்த அரங்கு கூப்பிடும்? யாரிடமும் சொல்லாமல் மேடையேறினாள்.

மூன்றாம் அங்கத்தில் அந்தப் பாட்டு வந்தது. கண்ணை மூடிக்கொண்டு உச்சத்தைத் தொட்டாள். குரல் நின்றது. உயிர் திரும்பி வந்தது போலிருந்தது. அதே கணம் மேல்மாடத்திலிருந்து ஒரு குரல் இடிபோல விழுந்தது.

"பிஸ்! மறுபடியும்!"

அது அப்பாவின் குரல்!

அடுத்த நொடி மேல்மாடம் முழுக்க எழுந்து நின்று கத்தியது. பார்மா ஒருத்தியை மறுபடி பாடச் சொல்வது முடிசூட்டுவது மாதிரி. மறுப்பது அந்த முடியைக் காலால் உதைப்பது மாதிரி. வாத்திய நடத்துநர் சிரித்தபடி கோலை உயர்த்தினார். ஆர்ஜியா வாயைத் திறந்தாள். தொண்டைக்குள் ஏதோ துடித்தது.

தலையை ஆட்டி மறுத்தாள்.

பிறகு முதல் சீழ்க்கை. அதன் பின் நூறு.

இடைவேளையில் ஒப்பனை அறைக் கதவை அடித்துத் திறந்துகொண்டு வந்தார் ஒரெஸ்தே.

"என் மானத்தை வாங்கிட்டியேடி! 'உன் மக மிலான் மகாராணி ஆயிட்டாடா, உப்புக்காரா'ன்னு சிரிக்கிறானுங்க. ஒரு பாட்டு! பாடினா கொறைஞ்சா போயிடுவே?"

"ஆமாப்பா. கொறைஞ்சுதான் போயிடுவேன்." அவள் கதவைச் சாத்திவிட்டு மெல்ல எல்லாவற்றையும் சொன்னாள்.

அவர் நாற்காலியில் சரிந்தார். "கடவுளே… நான்தானே முதல்ல கத்தினேன்."

"யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. தெரிஞ்சா என் பொழப்பு போச்சு."

"கடைசி அங்கத்துல நீ வாயைத் திறந்ததும் சீழ்க்கை அடிக்கக் காத்திருக்கானுங்கம்மா. அதுக்கு மேல கத்திப் பாடினா…"

"வெடிச்சிடும்."

அவர் எழுந்து மேல்மாடத்துக்குப் போனார்.

கடைசி அங்கத்துக்காக, திரைக்குப் பின்னால் கதாநாயகியின் மரணப் படுக்கையில் படுத்திருந்தாள் ஆர்ஜியா. அரங்க விளக்குகள் இன்னும் அணையவில்லை. மேலே இரைச்சல். அப்போது அப்பாவின் குரல் மறுபடியும் கேட்டது.

"சீழ்க்கையை எங்கிட்ட அடிங்கடா! பாடாதேன்னு நான்தான் சொல்லி அனுப்பினேன். தவளைக் காது உங்களுக்கு. ஒரு தடவை பாடினதே தண்டம்!"

"என்னடா சொன்னே, பன்னித் தொடை?"

"இவனைத் தூக்கி வெளிய போடுங்கடா!"

"முப்பது வருஷமா பக்கத்துல உக்காந்து ஒயின் குடிச்சவன்டா இவன்! துரோகி!"

சீழ்க்கையெல்லாம் திசை மாறி அவர் மேல் விழுந்தது. பெஞ்சுகள் உருண்டன. படிகளில் யாரையோ இழுத்துப் போகும் சத்தம் இறங்கி இறங்கித் தேய்ந்தது. படுத்தபடியே அவள் போர்வையைக் கடித்துக்கொண்டாள். அழுதால் தொண்டை அடைக்கும். அழக்கூடாது.

திரை விலகியது. மேல்மாடம் கோபத்தை அவரிடமே கொட்டித் தீர்த்திருந்தது. யாரும் கைதட்டவில்லை, யாரும் சீழ்க்கை அடிக்கவுமில்லை. அவள் மெல்லிய குரலில் கடைசிவரை பாடி முடித்தாள்.

பிறகு குளிர்காலம் முழுக்க வாய் திறக்கவில்லை. வேண்டியதைச் சிலேட்டில் எழுதிக் காட்டினாள். வீக்கம் வற்றியது. பார்மா அவளை மறுபடி அழைக்கவேயில்லை. மற்ற ஊர்களில் தலை நரைக்கும் வரை பாடினாள். ஆனால் எந்த ஊரிலும் அந்தப் பாட்டின் முடிவில் கூட்டம் கத்தத் தொடங்கினால் கை தானாகத் தொண்டைக்குப் போகும்.

ஒரெஸ்தே அதற்குப் பிறகு மேல்மாடத்துப் படியை மிதிக்கவில்லை, அவரை யாரும் மிதிக்க விடவுமில்லை. கூட்டாளிகள் கிடங்கில்கூட அவரோடு சேர்ந்து பாடுவதை நிறுத்திவிட்டார்கள். திரியெஸ்தே நகரில் ஆர்ஜியா பாடியபோது ரயில் டிக்கெட் அனுப்பி அவரை வரவழைத்தாள்.

"அப்பா, இடம் மேலயா, கீழயா?"

"கீழயே போடும்மா," என்றார். "மேல உக்காந்தா எனக்கு வாய் சும்மா இருக்காது."