ஆற்று நடுவில் ஈயோபு பேசியது

பங்கஜாக்ஷி டீச்சர் இன்றும் அதிகாலை நாலரைக்கு எழுந்துவிடுகிறார். வயது எழுபத்தெட்டு. திருவல்லாவில் மகள் வீட்டில் இருக்கிறார், எழுந்து செய்ய வேலை ஒன்றும் கிடையாது. சர்க்கரை கூடிவிட்டதோ என்று மகளுக்குக் கவலை. சர்க்கரை இல்லை. ஐம்பது வருஷத்துக்கு முன் குட்டநாட்டில், புத்தன்கடவு என்ற படகுத்துறை ஊரில், ஒரு வள்ளக்காரர் பழக்கிவிட்டுப் போன வழக்கம் அது.

அவர் பெயர் ஈயோபு. இக்கரைக்கும் அக்கரைக்கும் ஆள் ஏற்றி இறக்குவது வேலை. வீடு ஒற்றை அறை. அதில் மனைவி ராகேல், ஐந்து பிள்ளைகள், ராகேலின் அம்மா. முழங்கால் போட்டு ஜெபிக்க ஒரு மூலை மிச்சமில்லை. அதனால் தினமும் நாலரைக்கு வள்ளத்தை ஆற்றின் நடுவுக்குத் தள்ளிக்கொண்டு போவார். கழியை ஆழ ஊன்றி, அதைப் பிடித்தபடி நின்று கடவுளோடு பேசுவார். கை கூப்பி, கண் மூடி, ராகம் போட்டு அல்ல. எதிர்ப் பலகையில் உட்கார்ந்து அக்கரைக்கு வருகிற ஒருவரோடு பேசுவதுபோல. முந்தின நாள் வள்ளத்தில் ஏறியவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி, அவரவர் கஷ்டத்தை எடுத்துச் சொல்வார்.

அந்த நேரத்தில் தானும் கர்த்தரும் மட்டும்தான் என்று ஈயோபு நினைத்திருந்தார். அசையாத தண்ணீரின்மேல் குரல் எவ்வளவு தூரம் போகும் என்பது, வாழ்நாள் முழுக்கத் தண்ணீர்மேல் நின்ற அந்த மனிதருக்குத் தோன்றவே இல்லை. இரண்டு கரையிலும் நாற்பது வீடுகள். நாற்பது வீட்டுக்கும் ஒரு சொல் விடாமல் கேட்கும். இருபது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் நிறுத்திவிடுவாரே. பால் கறப்பவர்களுக்கு அதுதான் அலாரம். யார் வீட்டில் காய்ச்சல், யார் வயலில் மடை உடைந்தது என்று தெரிவதும் அதில்தான். சில கெட்டிக்காரர்கள் காரியமும் சாதித்துக்கொண்டார்கள். ‘அக்கரை வர்க்கிக்கு என் ஏணியைத் திருப்பித் தர மனசு வரணும்னு வேண்டிக்கோ ஈயோபே’ என்று முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு ஒருத்தர் சொன்னார். மறுநாள் மதியத்துக்குள் ஏணி வந்துவிட்டது. மறைக்க வேண்டியதை ஈயோபிடம் சொல்லக் கூடாது. ஊரில் எழுதப்படாத சட்டம் அது.

தன் குற்றங்களையும் அவர் மறைப்பதில்லை. “கர்த்தாவே, மீன்ல உப்பு கொறஞ்சதுக்கு நேத்து ராகேலை வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். மன்னிப்புக் கேக்கணும். கௌரவம் விடமாட்டேங்குது.” அன்றைக்குக் கஞ்சியை வைக்கும்போதே ராகேல், “கேக்க வேண்டியதக் கேட்டுட்டுச் சாப்பிடு மனுஷா” என்பாள். இவளுக்கு எப்படித் தெரிந்தது என்று ஈயோபு ஒவ்வொரு முறையும் அதிசயப்படுவார்.

ஒருமுறை அவருடைய துடுப்பை யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். மறுநாள் ஆற்று நடுவில் அவர் சொன்னது இவ்வளவுதான்: எடுத்தவனுக்குத் துடுப்பு தேவைப்பட்டிருக்கும் கர்த்தாவே, அவனுக்கு ஒண்ணு குடும், ஆனா எனக்கும் ஒண்ணு வேணும். அடுத்த நாள் காலை கடவில் துடுப்பு கிடந்தது. அதை எடுத்தவன் தாரா வாத்துகளைக் கூட்டமாக மேய்க்கிற குட்டப்பன். அன்றிலிருந்து குட்டப்பன் அவரைப் பற்றி யார் என்ன சொன்னாலும் சண்டைக்குப் போவான். ஈயோபு யாரையும் தன் சபைக்கு வா என்று கூப்பிட்டதில்லை. ஆனாலும் அந்த ஆளின் கடவுள் எப்படிப்பட்டவர் என்று கேட்டால், இரு கரையிலும் கோவிலுக்குப் போகிறவர்கள்கூட விவரமாகச் சொல்வார்கள்.

இந்த ஊருக்குத்தான் பங்கஜாக்ஷி டீச்சர் ஒரு ஜூன் மாதம் வேலைக்கு வந்தார். வயது இருபத்தாறு. கணவர் ராகவன் பஹ்ரைனில் இருக்கிறார் என்று பள்ளியிலும் வாடகை வீட்டிலும் சொல்லியிருந்தார். ராகவன் இருந்தது மனநல ஆஸ்பத்திரியில். தெரிந்தால் வீடு போகும், வேலையும் போகும் என்று டீச்சர் நம்பினார். முன்பிருந்த ஊரில் இரண்டும் போயிருந்தன.

முதல் இரண்டு வாரம் மழை விடவே இல்லை. கூரையில் கொட்டிய சத்தத்தில் ஈயோபின் குரல் அவர் காதில் விழவில்லை. ஊர்ச் சட்டமும் தெரியவில்லை. மூன்றாவது திங்கட்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது வள்ளத்தில் அவர் மட்டும்தான். ஈயோபு ஒன்றும் கேட்கவில்லை. குடையை விரித்து டீச்சர் கையில் கொடுத்துவிட்டு, தான் நனைந்தபடி கழி போட்டார். அது போதுமாக இருந்தது. அக்கரை சேர்வதற்குள் டீச்சர் எல்லாவற்றையும் அழுதபடி சொல்லி முடித்திருந்தார்.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. காற்றில்லை. டீச்சர் கிணற்றடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். ஆற்றிலிருந்து ஒரு குரல், பக்கத்தில் நின்று பேசுவதுபோல் தெளிவாக வந்தது.

“புது டீச்சரோட வீட்டுக்காரர் ராகவனை நினைச்சுக்கும் கர்த்தாவே. பஹ்ரைன்ல இல்ல அவர். பைத்தியக்கார ஆஸ்பத்திரியில இருக்காரு. நேத்து அவங்க கையப் புடிச்சிருந்தப்போகூட யாருன்னு தெரியலையாம். அந்தப் பொண்ணு தனியாக் கெடந்து தவிக்குது.”

வாயிலிருந்த நுரையைத் துப்பக்கூட டீச்சருக்குத் தோன்றவில்லை.

எட்டு மணிக்குக் கடவுக்குப் போனார். வள்ளத்தில் ஏறவில்லை. ஏறியவர்கள் அக்கரையில் இறங்கி, ஈயோபு வெறும் வள்ளத்தோடு திரும்பும்வரை நின்றார். குட்டப்பன் மட்டும் ஓரமாகத் தாராக்களை எண்ணிக்கொண்டிருந்தான்.

“நம்பிச் சொன்னேன் சேட்டா. ஊருக்கே கேக்கும்படி கத்திச் சொல்லிட்டீங்க.”

ஈயோபுக்குப் புரியவில்லை. தான் யாரிடமும் சொல்லவில்லை, ஒருத்தரிடம் மட்டும்தான் சொன்னேன் என்றார். கிணற்றடியில் நின்று ஒவ்வொரு வார்த்தையும் கேட்டதாக டீச்சர் சொன்னார். கிணற்றடி எங்கே, நடு ஆறு எங்கே என்று அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பினார்.

“குட்டப்பா. உனக்கும் கேக்குமாடா?”

குட்டப்பன் தன் காலைப் பார்த்தான். “இருபது வருஷமாக் கேக்குது சேட்டா. எல்லாருக்கும்.”

ஈயோபு வள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். அந்த முகத்தைப் பார்த்தபின் டீச்சரால் மேலே திட்ட முடியவில்லை. திட்டுவதற்கு நிறையச் சேர்த்து வைத்திருந்தார்.

பள்ளியில் தலைமையாசிரியர் அவரைக் கூப்பிட்டு, கண்ணைப் பார்க்காமல், நாளை மானேஜர் வருகிறார் என்றார். பள்ளியை நடத்துகிற மானேஜர் கைமள் அக்கரைக்காரர், கறார்ப் பேர்வழி, கடவுக் குத்தகையும் அவர் கையில்தான். அவர் வீடும் ஆற்றை ஒட்டித்தான். டீச்சர் வீட்டுக்குப் போய்ப் பெட்டியைக் கட்டினார்.

அன்று பிற்பகல் கழியைக் குட்டப்பன் கையில் கொடுத்துவிட்டு ஈயோபு கைமள் வீட்டுக்குப் போனார். அங்கே நடந்ததைப் பல வருஷம் கழித்துக் கைமளே டீச்சரிடம் சொன்னார். டீச்சருக்காக ஈயோபு கெஞ்சவில்லையாம். குற்றம் என்னுடையது, தண்டிப்பதானால் கடவை என்னிடமிருந்து எடுத்துவிடுங்கள், அந்தப் பெண்ணைத் தொடாதீர்கள் என்றாராம். கைமளுடைய மூத்த மகன் சண்டை போட்டுக்கொண்டு ஓடிப்போன இரண்டு வருஷமும், அந்தப் பையன் பெயர் தினமும் ஆற்று நடுவில் கேட்டது. வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்ல முடியாத பெயர். கைமள் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு, அதைக் கேட்பதற்காகவே எழுந்திருப்பாராம்.

மறுநாள் அவர் பள்ளிக்கு வந்தார். மூன்றாம் வகுப்பில் நின்று பெருக்கல் வாய்பாடு கேட்டார். போகும்போது டீச்சரிடம், “வெள்ளிக்கிழமை மத்தியானமே கிளம்பிக்கோ. ஆஸ்பத்திரி தூரம்” என்றார். அவ்வளவுதான். டீச்சர் பெட்டியை அவிழ்த்தார்.

ஆனால் ஆறு ஊமையாகிவிட்டது. நாலரைக்கு வள்ளம் நடுவுக்குப் போகும், கழி ஊன்றும் சத்தம் கேட்கும், அதற்கப்புறம் ஒன்றும் இருக்காது. பால்காரர்கள் தூங்கிப்போனார்கள். ஊர் சார்பில் குட்டப்பன் போய்க் கேட்டான். கதவைச் சாத்திக்கொண்டு ஜெபிக்கும்படி வேதத்தில் கர்த்தரே சொல்லியிருக்கிறார், கதவு இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன் என்று ஈயோபு சொல்லி அனுப்பிவிட்டார். வள்ளத்தில் யாராவது தம் கஷ்டத்தைச் சொல்லத் தொடங்கினால், “வேணாம், நான் வாய் நிக்காதவன்” என்று தடுத்துவிடுவார். இருபது வருஷம் இரு கரைக்கும் காது கொடுத்த மனிதர்.

டீச்சரிடம் ஊர் இன்னும் பஹ்ரைனைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தது. எல்லாருக்கும் தெரியும். தெரியும் என்று டீச்சருக்கும் தெரியும். “கடுதாசி வந்துச்சா டீச்சரே? அங்க வெயில் ஜாஸ்தியாமே” என்று மீன்காரி காளி அக்கறையோடு கேட்பாள். டீச்சர், ஆமாம், ஜாஸ்திதான் என்பார். தன் பொய்யை ஊரே தாங்கிப் பிடிப்பது அவருக்கு முதலில் அவமானமாக இருந்தது. பிறகு பாரமாக இருந்தது.

அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை. வள்ளம் நிறைய ஆள். மீன்கூடை, வாழைத்தார், பள்ளிப் பிள்ளைகள். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்த டீச்சருக்கு நிற்க மட்டும் இடம் கிடைத்தது. காளி வழக்கம்போல் கடுதாசி கேட்டாள்.

டீச்சர் ஈயோபைப் பார்த்தார். அவர் கழியிலேயே கண்ணை வைத்திருந்தார். அந்த வாயில் தன்னால் விழுந்த பூட்டு தொங்கியது.

“பஹ்ரைன்ல எனக்கு யாரும் இல்ல சேச்சி” என்றார் டீச்சர். வகுப்பில் பேசுகிற குரல், கடைசிப் பலகைவரை போனது. “அவர் ஆஸ்பத்திரியிலதான் இருக்கார். நாலு மாசம் முன்னாடி ஈயோபு சேட்டன் சொன்னது நெசம். நேத்து அவர் என்னைப் பாத்து, ‘பங்கஜம், சாப்பிட்டியா’ன்னு கேட்டார்.”

காளி கூடையைத் தன் பக்கம் இழுத்து, டீச்சர் உட்காரக் கொஞ்சம் இடம் விட்டாள்.

ஈயோபின் கை கழியில் நின்றுவிட்டது. வள்ளம் நீரோட்டத்தில் மெல்ல வளைந்து, மூக்கு அக்கரையை விட்டுக் கீழ்ப்பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. வள்ளம் நிறைய ஆள் இருப்பதையும் கவனிக்கவில்லை.

“கேட்டீரா கர்த்தாவே?” என்றார். நாலு மாதமாக ஊர் கேட்காத குரல். “பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்காரு!”

இரு கரையிலும் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.