துணி அறையிலும் ஒருவர் தங்குகிறார்

"ஏழு தொடர் எண்களோட சராசரி இருபத்திமூணு. அதுல பெரிய எண் எது?" பயிற்சித் தாளைப் பார்த்து வாசித்தேன்.

"இருபத்தாறு" என்றாள் சித்தி, வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமல்.

நான் அப்போதுதான் காகிதத்தில் எக்ஸ் போட்டிருந்தேன். "எப்படிச் சித்தி?"

"நடுக் கதவுல வண்டிய நிறுத்து. அந்தப் பக்கம் மூணு ரூம், இந்தப் பக்கம் மூணு ரூம். இருபத்திமூணுல இருந்து மூணு கதவு தள்ளிப் போனா இருபத்தாறு. இதுக்கு எதுக்குடி எக்ஸு?"

கூடத்திலிருந்து சித்தப்பா குரல் கொடுத்தார். "இவ நடந்த நடைக்கு இந்நேரம் நிலாவுக்கே போயிருக்கலாம்."

"போயிருப்பேன். இங்க உங்களுக்கு டீ போட ஆள் வேணுமே!"

சித்தி என் அம்மாவின் தங்கை. பெரிய விடுதி ஒன்றின் மூன்றாம் மாடியில் பதினெட்டு வருடமாக அறைகளைச் சுத்தம் செய்கிறவள். விரிப்பும் துண்டும் சோப்பும் அடுக்கிய தள்ளுவண்டியை மற்றவர்கள் கதவுக்குக் கதவு இழுத்துப் போவார்கள். சித்தி தன் பங்கு அறைகளுக்கு நட்டநடுவில் நிறுத்திவிட்டு, அங்கிருந்து இருபுறமும் போய்வருவாள். அறைகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தால் வண்டி இரண்டு கதவுகளுக்கு இடையில், சுவரோரமாக நிற்கும். ஆறு தொடர் எண்களின் சராசரி ஏன் அரையில் முடிகிறது என்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மேற்பார்வையாளர் வேலைக்கு விடுதி ஒரு தேர்வு வைத்தது. நாற்பது கேள்விகள், முப்பது சரியாக இருந்தால் தேர்ச்சி. மூன்று முறைதான் எழுதலாம். சித்தி இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் இருபத்தெட்டு வாங்கியிருந்தாள். குனிந்து மெத்தையைத் தூக்கும் வேலையை இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் முழங்கால் தாங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். கேள்விகள் இருந்த மொழியைச் சித்தி சரளமாகப் பேசுவாள், வாசிக்கத்தான் நேரமாகும். நான் இரண்டு மொழியிலும் படித்தவள் என்பதால் என்னை அழைத்திருந்தாள்.

அடுத்த கேள்வியை வாசித்தேன். பதினொன்று முதல் முப்பத்தொன்பது வரை உள்ள ஒற்றை எண்களின் கூட்டுத்தொகை என்ன?

"நடு இருபத்தஞ்சு. பதினாலு எண்ணு. முந்நூத்தம்பது."

நான்கு விடைகளில் முந்நூற்றைம்பதும் இருந்தது. ஆனால் சரியான விடை முந்நூற்று எழுபத்தைந்து. எண்களை வரிசையாக எழுதி அவள் பக்கம் நகர்த்தினேன். கத்தி முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். பதினைந்து.

"அதெப்படி? கடைசியில இருந்து முதல கழிச்சு, பாதி பண்ணினா பதினாலுதானே? எங்க மாடியில என் பக்கம் முழுக்க ஒத்தப்படை நம்பர்தான், தினமும் அப்படித்தான் எண்ணுறேன். ஒரு நாளும் தப்பினதில்ல."

"உங்க வரிசை எந்த நம்பர்ல ஆரம்பிக்குது?"

"முந்நூத்தி ஒண்ணு. ஆனா அது விரிப்பு, துண்டெல்லாம் அடுக்கி வைக்கிற துணி ரூம். அதுல யாரு தங்குறா, அத யாரு கணக்குல..." சட்டென்று கத்தியைக் கீழே வைத்தாள்.

பழைய இரண்டு தேர்வுகளிலும் இந்த மாதிரிக் கேள்வி எத்தனை வந்தன என்று விரல்விட்டு எண்ணினாள். முதல் முறை மூன்று, அடுத்த முறை இரண்டு.

"அடப்பாவி! ரெண்டு தடவையும் துணி ரூமுல போய் விழுந்திருக்கேன்."

"தப்பு பண்றதுன்னாலும் என் பொண்டாட்டி ஒரே மாதிரிதான் பண்ணுவா" என்றார் சித்தப்பா.

சித்தி சிரிக்கவில்லை. தாளை இழுத்து, கேள்விக்கு மேலே பெரிய எழுத்தில் எழுதினாள்: பரீட்சையில் துணி ரூமிலும் ஆள் தங்குறான்.

அந்த வாரம் முழுக்க எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை என்று நான் கேட்டாலும், "துணி ரூமையும் சேர்த்து" என்றுதான் பதிலைத் தொடங்கினாள்.

மூன்றாம் தேர்வு முடிந்து அவள் படியிறங்கி வந்தபோது நான் வாசலில் காத்திருந்தேன். அவளே சொன்னாள்: "மூணு கேள்விடி. மூணுலயும் ஆளக் குடிவச்சுட்டேன்."

முப்பத்தைந்து வாங்கியிருந்தாள்.

புதிய பொறுப்பேற்ற மறுநாள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவள் மாடியில் வேலை செய்யும் நான்கு பெண்கள் அடுத்த தேர்வுக்குப் பெயர் கொடுத்திருந்தார்கள். நாற்காலியில் உட்காராமல், பையிலிருந்து அந்தப் பழைய பயிற்சித் தாளை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"நாலு பேர் முன்னாடி நின்னு பேசுன்னு உன்னக் கேக்க மாட்டேன், உனக்கு அது ஆகாதுன்னு தெரியும். கேள்விகள மட்டும் நம்ம பாஷையில எழுதிக் குடு. மத்தத நான் பாத்துக்கிறேன். ஆனா பதில எழுதிடாத. அவங்களும் ஒரு தடவை துணி ரூமுல விழட்டும்."